ஆச்சியின் கட்டிலும் ஒரு டிவி ஸ்டாண்டும்

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். மூன்றாம் ஆண்டு. தச்சு வேலைக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், பரீட்சைக்குப் பென்சில் சீவியதோடு சரி. இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் ஸ்டாண்டு செய்யக் கிளம்பினால் தாராளமாகக் கிளம்புங்கள். ஆனால் நான் செய்த தப்புகளை விட்டுவிட்டுச் செய்யுங்கள். அதற்காகத்தான் தப்புகளை எல்லாம் விலாவாரியாக எழுதியிருக்கிறேன்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். போன வருஷம் ஆடி மாசம். காலையில் ஏழு மணி இருக்கும். பாளையங்கோட்டை வீட்டில் ஆச்சி கட்டிலை விட்டு எழுந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. "எம்மா" என்று ஒரே ஒரு தடவை. போய்ப் பார்த்தால் வலது கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. இடுப்புப் பக்கம் தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன், உள்ளே கம்பி, பத்து நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ரெண்டே விஷயம். எலும்பு ரொம்ப மெலிந்துவிட்டது, ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. இன்னொன்று, தாழ்வான கட்டிலில் இனிமேல் படுக்க வைக்காதீர்கள், எழுந்திரிக்கக் கஷ்டம்.

ஆச்சியின் கட்டில் அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த தேக்குக் கட்டில். ஆகத் தாழ்வு. அதைக் கழற்றி மொட்டைமாடிப் படிக்குக் கீழே சாத்திவிட்டு, உயரமான இரும்புக் கட்டில் ஒன்று வாங்கி முன்னறையில் போட்டோம். முன்னறையில் ஏன் என்றால் அங்கேதான் டிவி இருக்கிறது. ஆச்சிக்கு டிவி என்றால் உயிர். 2006-இல் ஆரம்பித்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல டிவியைப் பத்து வருஷத்துக்கு மேல் தினமும் மஞ்சள் துணியால் துடைத்து வைத்திருந்தவள். அது செத்துப்போன பிறகு அக்கா தன் சம்பளத்தில் 32 அங்குல எல்இடி வாங்கித் தந்தாள். அது ஒரு பழைய ஸ்டீல் மேஜை மேல் உட்கார்ந்திருந்தது.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது. மல்லாந்து படுத்திருக்கும் ஆச்சிக்கு டிவி தெரியவில்லை. தாடையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு பார்த்தால் பாதி தெரியும். ஐந்து நிமிஷத்தில் கழுத்து வலி வந்துவிடும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை மட்டும் கேட்பாள். ரெண்டு நாள் அப்படிக் கேட்டாள். மூன்றாம் நாள் "அத அமத்திரு" என்றுவிட்டாள். அதற்குப் பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சாப்பாடும் குறைந்தது. எங்களுக்குக் காலைவிட அதுதான் பயமாக இருந்தது.

சுவரில் மாட்டலாமே என்பீர்கள். இது வாடகை வீடு. "சொவத்துல ஒரு ஆணி அடிச்சாலும் அட்வான்ஸ்ல கழிச்சிருவேன்" என்று குடி வந்த அன்றே சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். உயரம் ஏற்றி இறக்குகிற இரும்பு ஸ்டாண்டு நெட்டில் பார்த்தேன். நான் பார்த்தது எல்லாம் நாலாயிரத்துக்கு மேல். ஆஸ்பத்திரி பில் கட்டிய கையோடு அப்பாவிடம் போய் நாலாயிரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் படிக்குக் கீழே சாத்தியிருந்த கட்டில் கண்ணில் பட்டது. ஆறேகால் அடி நீளத்தில் ரெண்டு சட்டம். மூன்று அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம். அது போக மூன்றடிக் குறுக்குச் சட்டங்கள் நாலு, பலகைகள், கால்கள். மரம் இரும்பு மாதிரி இருந்தது. தேக்கில் இயற்கையாகவே ஓர் எண்ணெய் உண்டு, அதனால் கரையான் லேசில் அண்டாது.

ஆச்சியிடம் பயந்து பயந்துதான் கேட்டேன். கல்யாணக் கட்டில். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "படுக்கதுக்கு ஆவாத கட்டிலு, நிக்கதுக்காவது ஆவட்டும். வெட்டுய்யா."

வெட்டிவிட்டேன்.

திட்டம்

ரெண்டு நெடுஞ்சட்டம் நட்டக்குத்தலாக நிற்கும். ஒவ்வொன்றும் 160 செ.மீ. உயரம். சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடுவுக்கு 40 செ.மீ. அடியில் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு ரெண்டு பாதம். ஒவ்வொரு சட்டத்திலும் 60 செ.மீ. உயரத்தில் ஆரம்பித்து 155 வரை 5 செ.மீ.க்கு ஒரு ஓட்டை. மொத்தம் இருபது ஓட்டை.

டிவியின் பின்னால் நாலு திருகு ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். சுவரில் மாட்டுவதற்காக வைத்தது. அந்த இடைவெளிக்கு ஒரு பொது அளவுமுறையே உண்டு, வெசா என்று பெயர். எங்கள் டிவியில் அகலம் 20 செ.மீ., உயரம் 10 செ.மீ., திருகு எம்4. முக்கால் அங்குல ப்ளைவுட்டில் 50-க்கு 30 செ.மீ. ஒரு பலகை வெட்டி, அந்த நாலு ஓட்டை வழியாக டிவியோடு முடுக்கிவிட வேண்டியது. திருகின் நீளத்தில் மட்டும் கவனம். பலகையின் கனத்தையும் நடுவில் வைக்கிற வாஷர்களின் கனத்தையும் கழித்துவிட்டு, டிவிக்குள் எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதிக நீளம் என்றால் உள்ளே இருப்பதைக் குத்திவிடும். டிவிக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக வாஷர் வைத்தே ஆக வேண்டும்.

அந்தப் பலகையின் ரெண்டு ஓரத்திலும் நாலு போல்ட். 8 மி.மீ. தடிமன், 3 அங்குல நீளம். கழுத்துப் பகுதி சதுரமாக இருக்கும் போல்ட் என்று கேட்டால் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி எடுத்துத் தருவார். சுத்தியலால் அடித்து இறக்கினால் அந்தச் சதுரம் மரத்தைக் கவ்விக்கொள்ளும், சுற்றாது. தலை முன்பக்கம் புதைந்துவிடும், தண்டு பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. அதாவது நாலு ஓட்டை தூரம். டிவியைத் தூக்கி நாலு தண்டையும் சட்டத்து ஓட்டைகளில் நுழைத்து, பின்னால் வாஷர் போட்டு, காது வைத்த நட்டை முடுக்கினால் முடிந்தது. ஸ்பானர் வேண்டாம், கையாலேயே முடுக்கலாம். உயரம் மாற்ற ரெண்டு ஆள். ஒருவர் டிவியைப் பிடிக்க, இன்னொருவர் நட்டைக் கழற்ற.

பேப்பரில் வரைந்து பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அது ரெண்டு நாள்தான் நின்றது.

முதல் தப்பு: தப்பான ஆரம்ப இருப்பு

டிரில் மெஷினை நாள் வாடகைக்கு எடுத்தேன். ஓட்டைக்குக் குறி போட ஸ்கேலை வைத்து 5 செ.மீ. அளந்தேன். குறி போட்டேன். அந்தக் குறியிலிருந்து அடுத்த 5. அதிலிருந்து அடுத்த 5. இப்படியே இருபது. ரெண்டு சட்டத்துக்கும் தனித்தனியாக. துளை போட்டு முடித்து ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கீழ் ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. மேலே போகப் போக விலகிக்கொண்டே போய், கடைசி ஓட்டையில் 4 மி.மீ. வித்தியாசம். அவ்வ்வ்!

ஒரு குறிக்குக் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது அந்தப் பிசகு. ஆனால் ஒவ்வொரு குறியும் முந்தின குறியின் தப்பைத் தோளில் சுமந்துகொண்டு போயிருக்கிறது. காமர்ஸ் மாணவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? ஒரு வருஷக் கடைசி இருப்பைத் தப்பாகப் போட்டால் அடுத்த வருஷ ஆரம்ப இருப்பும் தப்பு என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்களே!

தெருக்கோடியில் ஆசாரி மாமா இருக்கிறார். அறுபத்தைந்து வயசு, கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலைக்குப் போவதில்லை. அவரிடம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மருமவனே, அளவு எப்பவும் ஒரே எடத்துல இருந்துதான் எடுக்கணும். டேப்ப ஒரு முனையில மாட்டிட்டு, எடுக்காம, 60, 65, 70-ன்னு வரிசையாக் குறிக்கணும். அப்ப ஒண்ணுல தப்பு வந்தா அது ஒண்ணோட போயிரும். அது போவட்டும், ரெண்டு சட்டம்னா எதுக்கு ரெண்டு தடவ அளக்க? ஒண்ணு மேல ஒண்ண வச்சு இறுக்கிக் கட்டி ஒரே அடியாத் தொளைச்சுர வேண்டியதுதான?"

வீட்டுக்கு வந்து பழைய ஓட்டைகளில் மரக்குச்சி சீவி, ஃபெவிகால் தடவி அடித்து அடைத்தேன். சட்டத்தின் அகலம் மூன்று அங்குலம் இருந்ததால் ஓர் அங்குலம் தள்ளிப் புது வரிசை போட இடம் இருந்தது. ரெண்டையும் சேர்த்துக் கட்டி, கடைசியில் மரம் பிய்ந்து வராமலிருக்க அடியில் வேண்டாத பலகை ஒன்றை வைத்து, 9 மி.மீ. துளை போட்டேன். 8 மி.மீ. போல்ட்டுக்கு அந்த ஒரு மி.மீ. தாராளம் வேண்டும். பக்கத்தில் என் நண்பன் மூலைமட்டத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டு "சாயுதுல, சாயுது" என்று கத்திக்கொண்டே இருந்தான். பதினோராவது ஓட்டையில் டங்கென்று ஒரு சத்தம். கட்டிலின் உள்ளே தலை உடைந்து புதைந்து கிடந்த பழைய ஆணி. டிரில் பிட் ரெண்டு துண்டு. பழைய மரம் எடுப்பவர்கள் துளை போடுவதற்கு முன் ஒரு காந்தத்தை மேலாக ஓட்டிப் பாருங்கள். எனக்கு இது பிட் உடைந்த பிறகுதான் உதித்தது.

சட்டங்களைச் சேர்த்துத் திருகுவதற்கு முன் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்தேன். ரெண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால்தான் சட்டகம் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். இதுவும் ஆசாரி மாமா உபயம். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் ஒரு கோட்டு.

ரெண்டாம் தப்பு: பெருவிரல்

ஆச்சியின் கண் தரையிலிருந்து என்ன உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் சேர்த்து 80 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பாவின் கண் 110. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கும் அம்மாவுக்கு 70. கண் எந்த உயரமோ டிவியின் நடுவும் அந்த உயரம். எவ்வளவு சுலபம்! 80-இல் மாட்டினேன். எல்லோரும் கைதட்டாத குறை.

ஆச்சி பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:

"எய்யா, எனக்கு என் காலு பெருவிரலுதாம்யா தெரியுது."

குனிந்து அவள் தலைக்குப் பக்கத்தில் என் தலையை வைத்துப் பார்த்தேன். உண்மை. போர்வை, அதற்கு மேல் ரெண்டு பாதம், கட்டிலின் கால்மாட்டுக் கம்பி, அதற்குப் பின்னால் எங்கோ டிவி. உட்கார்ந்திருப்பவரின் பார்வை நேராகப் போகும். மல்லாந்து படுத்திருப்பவரின் பார்வை மேலே போகும். தலையணை வைத்தாலும் கூரைப் பக்கம்தான் சாயும். ஆஸ்பத்திரி அறைகளில் டிவி ஏன் அவ்வளவு உசரத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. படுத்திருப்பவருக்குத் தாழ்வாக வேண்டும் என்று நாங்கள் நினைத்தது, நின்றுகொண்டிருப்பவர்களின் நினைப்பு.

எட்டடி தூரத்தில் 15 டிகிரி மேலே பார்த்தால் அது சுமார் 65 செ.மீ. உயரம். 80-உம் 65-உம் 145. நல்லவேளையாக என் கடைசி ஓட்டை அதற்குச் சரியாக இருந்தது. நானும் அப்பாவும் டிவியை உச்சிக்கு ஏற்றினோம். ஆச்சி தலையணையில் தலை சாய்த்தபடியே பார்த்தாள். சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். ரெண்டு வாரத்துக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் விஷயம் அது. அன்று ராத்திரி ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அப்பாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு, பட்டை போடுவார். அண்ணாந்து பார்த்தால் வலிக்கும். அன்றிலிருந்து அவர் நாற்காலியை வாசல் ஓரம் வரை பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் தப்பு: இதைத்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும்

நான் வைத்த பாதம் 40 செ.மீ. நீளம். சட்டத்துக்கு முன்னால் 20, பின்னால் 20. ஒரு குறுக்குச் சட்டத்தில் ரெண்டு பாதமும் வந்துவிடும் என்பதும் கச்சிதமாக இருக்கும் என்பதும்தான் காரணம். டிவி 80-இல் இருந்தவரை ஸ்டாண்டு பாறை மாதிரி நின்றது. 145-க்கு ஏற்றிய பிறகு அதை மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். அவள் பையனுக்கு நாலு வயசு. செட்டாப் பாக்ஸ் ஒயர் டிவியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடித்து இழுத்தான். ஊஞ்சல் என்று நினைத்தானோ என்னவோ. நான் அடுக்களையில் இருந்தேன். ஆச்சியின் குரல்தான் முதலில் கேட்டது. "புள்ள! புள்ள!" படுத்த படுக்கையிலிருந்து, அவளால் வேறென்ன செய்ய முடியும்?

ஓடி வந்தபோது ஸ்டாண்டு சாய்ந்தபடி அப்பாவின் தோளில் கிடந்தது. வாசல் ஓரத்து நாற்காலியிலிருந்து அந்த மனிதர் எப்படி அவ்வளவு தூரம் பாய்ந்தார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு கை சட்டத்தை ஏந்தியிருந்தது. இன்னொரு கை பையனைச் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தது. பையன் இருந்த இடத்துக்கும் டிவியின் விளிம்புக்கும் ஒரு சாண்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. டிவியும் தப்பியது, ஆனால் அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அப்பா திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. டிவியைக் கழற்றித் தரையில் வைத்தார். "நாளைக்கி இத வெளிய போட்ரு" என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி முன்னறையில் விளக்கை அணைத்த பிறகு ஆச்சி கேட்டாள், "எனக்காவத்தான இம்புட்டும்?" என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

காலையில் ஸ்டாண்டை வெளியே போடத்தான் தூக்கினேன். ஆசாரி மாமா வந்துவிட்டார், விஷயம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. ஸ்டாண்டின் உச்சியில் ஒரே ஒரு விரலை வைத்து முன்னால் தள்ளினார். பின்பாதம் எழும்பிவிட்டது.

"ஒசரம் ஏறுனா பாதமும் நீளணும்லா மருமவனே. நீ தாழ்ந்த அளவுக்குப் பாதம் வச்சுட்டு ஒசந்த அளவுக்குப் பாரத்த ஏத்திட்ட."

சவூதியிலிருந்து வந்த சித்தப்பா விட்டுப்போன, பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தது. அதை ஸ்டாண்டின் உச்சியில் மாட்டி முன்னால் இழுத்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால் கிலோவில் கவிழத் தொடங்கியது. ஒரு நாலு வயசுப் பையனுக்கு அது ஒரு இழுப்பா? அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. ஏற்றி இறக்கும் எதையும் அதன் மிக மோசமான நிலையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். டிவி உச்சியில், அதோடு ஒரு பிள்ளை இழுக்கிறது. அதில் நிற்காவிட்டால் மற்ற பத்தொன்பது ஓட்டையில் நின்று என்ன பிரயோஜனம்?

மிச்சமிருந்த குறுக்குச் சட்டங்களில் ரெண்டைப் பாதமாக்கினோம். 70 செ.மீ. டிவி முன்பக்கம் இருப்பதால் பாரம் முன்னால்தான் சாயும், ஆகவே சட்டத்துக்கு முன்னால் 40, பின்னால் 30. பாதங்களுக்குக் குறுக்கே, பின்பக்கமாகக் கட்டில் பலகை ஒன்று. அதன்மேல் வைக்கக் கனமாக ஏதாவது வேண்டும். செங்கல், மணல் மூட்டை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்: "பின்னால அம்மி சும்மாதான கெடக்கு?"

மிக்ஸி வந்த நாளிலிருந்து வேலையில்லாமல் கிடந்த அம்மி. 25 கிலோ. நானும் நண்பனும் தூக்கி வந்து வைத்தோம். கனம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மறுபடி கொக்கித் தராசு. இந்தத் தடவை 12 கிலோ இழுத்த பிறகுதான் பின்பாதம் லேசாக அசைந்தது. தொங்குகிற ஒயர் ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் சட்டத்தின் பின்புறமாக ஓட்டி இறுக்கிக் கட்டினேன். செட்டாப் பாக்ஸ் அம்மிக்குப் பக்கத்தில் போயிற்று.

அப்பா சாயங்காலம் வேலை விட்டு வந்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்டாண்டின் முன் வந்து நின்றார். கட்டுப்போடாத கையால் உச்சியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. பலமாக இழுத்தார். அப்புறம் டிவியைத் தூக்க ஒரு கை கொடுத்தார். "எந்த ஓட்டை?" என்று மட்டும் கேட்டார்.

"கடைசிப்பா."

கணக்கு வழக்கு

காமர்ஸ் மாணவன் கணக்குக் காட்டாமல் போனால் எப்படி? ப்ளைவுட் வெட்டுத் துண்டு 350, போல்ட் நட் வாஷர் 110, திருகு 60, ஃபெவிகால் 90, உப்புத்தாள் 50, டிரில் வாடகை ரெண்டு நாளைக்கு 300, வார்னிஷ் 220, டிரில் பிட் 80. மொத்தம் 1,260 ரூபாய். உடைந்த பிட்டுக்குப் பதில் வாங்கிய இன்னொன்று 80. அது அசாதாரண நட்டம், பொருளின் அடக்கவிலையில் சேராது, நட்டக் கணக்குக்கு நேராகப் போகும். ஆணியைப் பார்க்காதது என் தப்புதானே.

"கட்டில் மரம் சும்மா கிடைச்சது" என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் தப்புக் கணக்கு. பழைய மரக்கடைக்காரர் அந்தக் கட்டிலுக்கு 1,500 தருகிறேன் என்றிருந்தார். நான் வெட்டியதால் அந்த 1,500 போயிற்று. வாய்ப்புச் செலவு. ஆக 2,760. இதில் என் ஒன்பது நாள் கூலி கிடையாது. அதையும் போட்டால், செய்வதா வாங்குவதா என்ற கேள்விக்குப் பரீட்சையில் நான் எழுத வேண்டிய விடை "வாங்கு" என்பதுதான். அப்பாவின் மணிக்கட்டுக்கு நான் கணக்கே எழுதவில்லை.

ஆனால் நாலாயிரம் கொடுத்து வாங்கிய ஸ்டாண்டு வந்திருந்தால் இப்போது சொல்லப் போவது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

நாலாவது வாரம் ஆச்சி முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். பார்வை கீழே வந்துவிட்டது. டிவி உயரமாக இருக்கிறது என்றாள். மூன்று ஓட்டை இறக்கினோம், 130. அடுத்த வாரம் சாயாமலே நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னும் ரெண்டு, 120. ஆறு வாரம் முடிந்து வாக்கரைப் பிடித்து முதல் நாள் நாலு அடி வைத்தாள், அழுதாள், திட்டினாள், மறுநாள் ஆறு அடி வைத்தாள். தீபாவளிக்கு முந்தின நாள் வாக்கரோடு நடந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என்னல, அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கு?" என்றாள்.

நானும் அப்பாவும் நட்டைக் கழற்றினோம். கடைசி ரெண்டு ஓட்டை. 110.

படிப்பில் நான் பார்த்த வரைபடங்களில் கோடு மேலே ஏறினால்தான் நல்லது. எங்கள் வீட்டில் மட்டும் கீழே இறங்க இறங்க நல்லதாக இருந்தது. கடன் கணக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் நாற்காலியை வாசலிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்து வலி குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. நாற்காலி பழைய இடத்துக்கு வந்ததே போதும்.

போன வாரம் மேலே சும்மா இருக்கும் ஓட்டைகளைக் குச்சி அடித்து அடைத்து, இன்னொரு கோட்டு வார்னிஷ் போடலாம் என்று உப்புத்தாளோடு உட்கார்ந்தேன். ஆச்சி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"கெடக்கட்டும்ல. திருப்பி விழுந்தா வேணும்லா?"

அடைக்கவில்லை.

பி.கு.: யாராவது செய்வதாக இருந்தால், முதலில் கொக்கித் தராசு ஒன்றைக் கடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரம், போல்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அம்மி இல்லாதவர்கள் மணல் மூட்டை வைக்கலாம், ஆனால் அம்மி மாதிரி வராது :-)